ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே இரண்டு ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலச் சொற்களின் பொருள் வேறுபாடு குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் இந்த இதழுக்காக நான் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறந்தவை. தமிழில் நாம் ஒரு சொல்லால் குறிப்பதை ஆங்கிலம் இரண்டு அல்லது மூன்று சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. அகராதியைப் புரட்டினால் அந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்ப் பொருள்தான் தரப்பட்டிருக்கும். ஆகவே அகராதி பார்த்த பிறகும் ஐயம் தீர்வதில்லை. ஒரு சொல் எந்தச் சொற்களோடு கூடி வருகிறது, அதைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்று பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும் என்பதால், விடைகளிலும் அந்த வழியிலேயே சென்றிருக்கிறேன்.

கேள்வி: 'ஷேட்', 'ஷேடோ' இரண்டுக்கும் நிழல் என்றே படித்திருக்கிறேன். 'மரத்தின் நிழலில் அமர்ந்தேன்' என்பதை 'ஷேடோ' என்று எழுதியபோது என் ஆசிரியர் அதைத் திருத்தினார். காரணம் கேட்டதற்கு, 'அப்படிச் சொல்வதில்லை' என்று மட்டும் சொன்னார். காரணம் உண்டா?

பதில்: உண்டு. 'ஷேட்' என்பது ஓர் இடம். 'ஷேடோ' என்பது ஓர் உருவம். வெயில் படாமல் குளிர்ந்து கிடக்கும் பரப்பை 'ஷேட்' என்கிறார்கள். ஒளியை மறைத்து நிற்கும் பொருள் தரையிலோ சுவரிலோ வரைந்து காட்டும் இருண்ட வடிவத்தை 'ஷேடோ' என்கிறார்கள். மரத்தடியில் அமர்ந்து இளைப்பாறும் உங்களுக்கு அது 'ஷேட்'. அந்த மரத்தின் கிளைகள் எதிர்ச் சுவரில் கோடுகளாக அசைவதைக் காண்பவருக்கு அது 'ஷேடோ'. சந்திர கிரகணத்தின்போது நிலவின் மேல் விழுவது பூமியின் 'ஷேடோ'. அங்கே பூமியின் வளைந்த விளிம்பு தெரிகிறது அல்லவா? உருவம் தெரிவதால்தான் அந்தச் சொல் பொருந்துகிறது. இதனாலேயே 'ஷேடோ' எண்ணத்தக்க சொல்லாக ஒன்று, இரண்டு என்று பன்மை ஏற்கிறது. இளைப்பாறும் நிழல் என்ற பொருளில் 'ஷேட்' பன்மை ஏற்பது அரிது.

இரண்டும் பிறப்பில் ஒரே சொல் என்பது உங்களுக்குப் பிடிக்கும் செய்தியாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்று வடிவம் மாறின. நம் 'மரம்' என்ற சொல் உருபு ஏற்கும்போது 'மரத்து' என்று ஆவதைப் போல, நிழலைக் குறித்த பழைய சொல்லும் எழுவாயாக நிற்கும்போது ஒரு வடிவமும் வேற்றுமை ஏற்கும்போது வேறொரு வடிவமும் கொண்டது. ஆங்கிலம் வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்தபோது, எழுவாய் வடிவம் 'ஷேட்' என்றும் மற்ற வடிவம் 'ஷேடோ' என்றும் தங்கிவிட்டன. இரண்டு வடிவங்கள் எஞ்சியதும் மொழி அவற்றுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. 'மரம்', 'மரத்து' என்ற இரண்டும் நாளடைவில் இரு வேறு பொருள் கொண்ட தனிச் சொற்களாகிவிட்டதாக நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் நடந்தது அதுதான்.

கேள்வி: 'நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் ஹியரிங்' என்று சொன்னால் தவறு என்கிறார்கள். 'ஹியர்', 'லிஸன்' இரண்டுக்கும் கேட்டல் என்பதுதானே பொருள்? 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' ஆகியவற்றிலும் எனக்கு இதே இடர்ப்பாடு உண்டு.

பதில்: தமிழில் 'கேள்' என்ற வினை மூன்று வேலைகளைச் செய்கிறது: காதில் விழுதல், செவிகொடுத்தல், வினவுதல். மூன்றாவதற்கு 'ஆஸ்க்' இருப்பதால் அங்கே எவரும் தடுமாறுவதில்லை. முதல் இரண்டில்தான் சிக்கல். 'ஹியர்' என்பது காதில் விழுதல். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது நமக்கு நிகழ்கிறது. 'லிஸன்' என்பது செவிகொடுத்தல். அது நாம் செய்யும் செயல். தமிழிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒருவரிடம் 'செவிகொடு' என்று ஏவலாம். 'உன் காதில் விழச் செய்' என்று ஏவ முடியாது. அதனால்தான் 'லிஸன்' இயல்பான ஏவலாக வருகிறது, 'ஹியர்' அப்படி வருவதில்லை. நாமாகச் செய்யும் செயல் என்பதால் 'லிஸன்' நிகழ்கால நீட்சியை எளிதில் ஏற்கிறது. நமக்கு நிகழ்வது என்பதால் 'ஹியர்' அதை ஏற்கத் தயங்குகிறது. அடுத்த அறையிலிருந்து பாட்டு காதில் விழுகிறது என்றால் 'ஐ கேன் ஹியர்' என்பார்கள். அமர்ந்து ரசித்துக் கேட்கிறீர்கள் என்றால் 'ஐ ஆம் லிஸனிங்' என்பார்கள். பின்னதில் கேட்கப்படும் பொருளுக்கு முன் 'டு' வரவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நீதிமன்ற விசாரணையை 'ஹியரிங்' என்று சொல்வது இதற்கு முரண்போலத் தோன்றலாம். இரு தரப்பும் சொல்வது நீதிபதியின் செவிக்கு முழுமையாகச் சென்றடைய வேண்டும் என்பதே அங்கே முதன்மை. செவிகொடுத்தும் ஒருவர் சொல்வது வந்து சேராமல் போகலாம். 'ஹியர்' என்றால் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

பார்வைச் சொற்களுக்கு நம்மிடம் முன்பே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். பழந்தமிழில் 'காண்' ஒன்று, 'நோக்கு' ஒன்று. கண்ணில் படுவது காணல். கண்ணைச் செலுத்துவது நோக்கல். இன்றைய பேச்சில் 'பார்' என்ற சொல் இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டதால்தான் நமக்கு 'ஸீ', 'லுக்' இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. 'ஸீ' என்றால் காண், 'லுக்' என்றால் நோக்கு என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது இடங்களில் தவறு நேராது. 'நோக்கினேன், ஆனால் எதையும் காணவில்லை' என்ற தமிழ் வாக்கியம் ஆங்கிலத்திலும் அப்படியே பொருந்தும். 'வாட்ச்' இவற்றிலிருந்து தனியே நிற்கிறது. அதன் வேர் விழித்திருத்தல். இரவில் உறங்காமல் காவல் இருத்தல் என்பதே அதன் பழைய பொருள். அந்தப் பொருளின் சாயல் இன்றும் போகவில்லை. அசைகிற, மாறுகிற, அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்க வைக்கிற ஒன்றை நேரம் செலவிட்டுப் பார்ப்பதே 'வாட்ச்'. விளையாட்டை 'வாட்ச்' செய்யலாம். சுவரில் தொங்கும் ஓவியத்தை 'லுக்' செய்யத்தான் முடியும்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் 'ஐ ஹாவ் எ டவுட்' என்று தொடங்கினேன். அவர் முகம் சற்று மாறியது. 'நான் சொன்னதில் எதை ஏற்க மறுக்கிறாய்?' என்று கேட்டார். எனக்குப் புரியாததைக் கேட்க விரும்பினேன், அவ்வளவுதான். நான் செய்த பிழை என்ன?

பதில்: தமிழில் 'சந்தேகம்' என்ற சொல் தாங்கும் பொருள்களை எல்லாம் 'டவுட்' தாங்கும் என்று எதிர்பார்த்தீர்கள், அது தாங்கவில்லை. நம் 'சந்தேகம்' மிகப் பெரிய குடை. புரியாமை, தெளிவின்மை, நம்பாமை, ஒருவர் மேல் குற்றம் சுமத்தும் ஐயப்பாடு ஆகிய நான்கும் அதன் கீழ் அடங்கும். 'டவுட்' என்பதன் மையம் நம்பாமை மட்டுமே. ஒரு கூற்று உண்மையாக இருக்காது என்ற பக்கம் மனம் சாய்ந்திருக்கும்போது ஆங்கிலேயர் அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் வாக்கியம் அந்தப் பேராசிரியரின் காதில் 'நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழுந்திருக்கிறது. புரியாததைக் கேட்க 'கொஸ்டின்' என்ற சொல்லே போதும்; அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இந்தியர்களின் ஆங்கிலத்தில் 'டவுட்' என்பது கேள்வி என்ற பொருளில் வேரூன்றிவிட்டது. நமக்குள் பேசும்போது அதைப் பிழை என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். ஒரு சமூகம் முழுவதும் புரிந்துகொள்ளும் வழக்கை இலக்கணம் சொல்லி அழித்துவிட முடியாது. ஆனால் அந்த வழக்கை அறியாதவரிடம் அச்சொல் வேறொரு செய்தியைச் சுமந்து செல்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வி இதைவிட ஆழமான ஒரு சிக்கலின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. 'டவுட்', 'சஸ்பெக்ட்' ஆகிய இரண்டு வினைகளையும் நாம் 'சந்தேகப்படு' என்றே மொழிபெயர்க்கிறோம். ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செல்பவை. 'அவர் வருவாரா என்பது சந்தேகம்தான்' என்று சொல்லும்போது, வரமாட்டார் என்று நினைக்கிறோம், அது 'டவுட்'. 'அவர்தான் எடுத்திருப்பார் என்று சந்தேகப்படுகிறேன்' என்று சொல்லும்போது, எடுத்திருப்பார் என்று நினைக்கிறோம், அது 'சஸ்பெக்ட்'. முன்னது இல்லை என்ற பக்கம் சாய்கிறது. பின்னது ஆம் என்ற பக்கம் சாய்கிறது. 'ஐ டவுட் ஹி இஸ் த தீஃப்' என்று எழுதினால் அவர் திருடராக இருக்க வாய்ப்பில்லை என்று அவருக்கு ஆதரவாகப் பேசுகிறீர்கள். அதே இடத்தில் 'சஸ்பெக்ட்' என்று எழுதினால் அவர்மேல் குற்றம் சாட்டுகிறீர்கள். ஒரு சொல் மாறியதில் ஒரு மனிதர் குற்றவாளியாகவோ நிரபராதியாகவோ ஆகிவிடுகிறார். மின்னஞ்சலிலும் அலுவலக அறிக்கையிலும் இந்தப் பிழையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மற்றப் பிழைகளைவிட இது எனக்கு அதிகக் கவலை தருவது, படிப்பவருக்கு இது பிழை என்றே தெரியாது என்பதால்தான். வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருக்கிறது, பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது.

தமிழில் இந்த வேறுபாட்டை 'சந்தேகம்' என்ற சொல் காட்டுவதில்லை. அதற்கு முன்னால் வரும் உறுப்பு காட்டுகிறது. 'வருவாரா என்பது' என்று வினா வடிவம் வந்தால் 'டவுட்'. 'எடுத்திருப்பார் என்று' என்று உறுதி வடிவம் வந்தால் 'சஸ்பெக்ட்'. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மொழிபெயர்க்கும்போது வழுக்காது. ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இந்த இடத்தில் தெளிவாக இருக்கவில்லை. பழைய ஆங்கில நூல்களில் 'டவுட்' என்பது 'அஞ்சுகிறேன், அப்படித்தான் இருக்கும்' என்ற பொருளில், ஏறத்தாழ இன்றைய 'சஸ்பெக்ட்' போலவே, வருவதைக் காணலாம்.

கேள்வி: 'லெண்ட்', 'பாரோ' ஆகியவற்றில் எது கடன் கொடுப்பது, எது வாங்குவது என்று அடிக்கடி மாறிவிடுகிறது.

பதில்: பொருள் உங்கள் கையைவிட்டுப் போனால் 'லெண்ட்', உங்கள் கைக்கு வந்தால் 'பாரோ'. தமிழில் 'கடன்' என்ற பெயர் இரண்டிலும் நிற்க, 'கொடு', 'வாங்கு' என்ற துணை திசையைச் சொல்கிறது. ஆங்கில வினைகளில் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'லெண்ட்' என்பதோடு 'டு' வரும், 'பாரோ' என்பதோடு 'ஃபிரம்' வரும் என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்; பிறகு மாறாது.

கேள்வி: 'ஹிஸ்டாரிக்', 'ஹிஸ்டாரிக்கல்' இரண்டும் வரலாற்றுச் சார்பானவை என்றால் எதற்கு இரண்டு? 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' என்பவற்றையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வரலாற்றில் இடம்பெறத்தக்க சிறப்புடையது 'ஹிஸ்டாரிக்', வரலாற்றோடு தொடர்புடையது, கடந்த காலத்தைச் சேர்ந்தது 'ஹிஸ்டாரிக்கல்'. 1969 ஜூலை 20 அன்று மனிதர் நிலவில் இறங்கியது 'ஹிஸ்டாரிக்' நிகழ்ச்சி. அந்நாளில் நிலவுப் பயணத்துக்காக எழுதப்பட்ட ஒரு சாதாரணச் செலவுக் கணக்கு 'ஹிஸ்டாரிக்கல்' ஆவணம். சரித்திர நாவல் 'ஹிஸ்டாரிக்கல்'. அதை 'ஹிஸ்டாரிக் நாவல்' என்று சொன்னால், நாவல் என்ற இலக்கிய வகையின் போக்கையே மாற்றிய ஒரு படைப்பு என்று பொருள்படும். தமிழில் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்றும் 'வரலாற்று' என்றும் பிரித்து எழுதினால் இரண்டும் தெளிவாகிவிடும். செய்தித்தாள்களில் பின்னதையே இரண்டுக்கும் எழுதுவதால் குழப்பம் வருகிறது.

'எகனாமிக்' என்பது பொருளாதாரம் தொடர்பானது: வளர்ச்சி, கொள்கை, நெருக்கடி ஆகியவற்றோடு வரும். 'எகனாமிக்கல்' என்பது சிக்கனமானது: குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடும் வண்டி 'எகனாமிக்கல்'. 'எகனாமிக்கல் பாலிசி' என்று எழுதினால் 'சிக்கனமான கொள்கை' என்றாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வினையடையாக மாறும்போது இரண்டுக்கும் ஒரே வடிவம்தான், 'எகனாமிக்கலி'. அங்கே சூழலைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு இணைகளைப் பார்த்துவிட்டு, 'இக்' என்று முடிந்தால் இன்ன பொருள், 'இக்கல்' என்று முடிந்தால் இன்ன பொருள் என்று பொதுவிதி செய்யப் புறப்பட வேண்டாம். அப்படி ஒரு விதி இல்லை. 'எலக்ட்ரிக்' என்பது மின்சாரத்தால் இயங்கும் குறிப்பிட்ட ஒரு பொருளோடும், 'எலக்ட்ரிக்கல்' என்பது பொறியியல் போன்ற துறைகளோடும் பொதுப் பெயர்களோடும் சேரும். 'கிளாசிக்' என்பது தன் வகையில் தலைசிறந்தது அல்லது எடுத்துக்காட்டாக நிற்பது. 'கிளாசிக்கல்' என்பது செவ்வியல் மரபைச் சார்ந்தது. செம்மொழி என்று தமிழைக் குறிக்கும்போது 'கிளாசிக்கல்' என்பதே பொருந்தும். மேடைகளில் 'கிளாசிக் லாங்குவேஜ்' என்று சிலர் சொல்வது பிழை.

கேள்வி: 'லெஸ்', 'ஃப்யூவர்' குறித்து இலக்கண நூல் ஒன்று மிகக் கடுமையான விதி சொல்கிறது. எண்ணக்கூடியவற்றோடு 'லெஸ்' வரவே கூடாதாம். ஆனால் '10 கிலோமீட்டருக்கும் குறைவு' என்பதற்கு ஆங்கிலேயரே 'லெஸ் தேன்' என்கிறார்களே?

பதில்: ஆங்கிலேயர் சொல்வது சரி, நூல் விதியைப் பாதியோடு நிறுத்திவிட்டது. எண்ணக்கூடிய பன்மைப் பெயரோடு 'ஃப்யூவர்', அளக்கக்கூடிய பொருளோடு 'லெஸ்' என்பது பொதுவாக நல்ல வழிகாட்டி: புத்தகங்கள் 'ஃப்யூவர்', தண்ணீர் 'லெஸ்'. ஆனால் தொலைவு, காலம், பணம், எடை ஆகியவை எண்ணால் சொல்லப்பட்டாலும் ஒரே அளவாகவே கருதப்படுகின்றன. 10 கிலோமீட்டர் என்பதைப் பத்துத் தனித்தனிப் பொருள்களாக எவரும் நினைப்பதில்லை, ஒரு தொலைவாகவே நினைக்கிறோம். 2 மணி நேரம் என்பதும் அப்படியே. ஆகவே அங்கே 'லெஸ்' வருவதே இயல்பு.

விதியின் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 9ஆம் நூற்றாண்டிலேயே, ஆல்பிரட் மன்னர் காலத்து உரைநடையில், எண்ணக்கூடியவற்றைக் குறிக்கும் இடத்தில் இன்றைய 'லெஸ்' என்பதன் பழைய வடிவம் வந்திருக்கிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் நூலில், இத்தகைய இடங்களில் 'ஃப்யூவர்' என்பதே தமக்கு நயமாகத் தோன்றுகிறது என்ற அளவில் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். அந்த விருப்பம் பின்வந்த இலக்கண ஆசிரியர்கள் கையில் மெல்ல மெல்லக் கட்டளையாக இறுகியது. தேர்விலும் அலுவல்முறை எழுத்திலும் விதியைப் பின்பற்றுங்கள்; பேச்சில் மீறுபவரைத் திருத்தப் புறப்பட வேண்டாம்.

கேள்வி: 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' மூன்றும் 'அரசர்க்குரிய' என்ற ஒரே பொருளில் அகராதியில் உள்ளன. ஒரு மொழிக்கு எதற்கு மூன்று சொற்கள்?

பதில்: மூன்று மொழிகள் அந்த மொழியில் குடியேறியதால். 1066இல் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் உயர்குடியினரிடமும் பிரெஞ்சு கோலோச்சியது. திருச்சபையும் கல்வியும் இலத்தீனில் நடந்தன. உழைக்கும் மக்கள் ஆங்கிலம் பேசினார்கள். வழக்காடு மன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. ஆங்கிலம் மீண்டும் எழுந்தபோது பிரெஞ்சும் இலத்தீனும் தந்த சொற்களை வெளியேற்றவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டது. 'கிங்லி' மண்ணின் சொல், 'ராயல்' பிரெஞ்சு வழி வந்தது, 'ரீகல்' நேரே இலத்தீனிலிருந்து வந்தது.

ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் நின்றால் அவை நெடுநாள் ஒன்றாகவே இருப்பதில்லை. 'ராயல்' என்பது உண்மையாகவே அரச குடும்பத்துக்கு உரியது: அரண்மனை, ஆணை, குடும்பம். 'ரீகல்' என்பது அரசரைப்போன்ற தோற்றமும் மிடுக்கும். அரச குடும்பத்தில் பிறக்காத ஒருவரின் நடையையும் 'ரீகல்' எனலாம். 'கிங்லி' என்பது அரசருக்கு இருக்க வேண்டிய பெருந்தன்மை போன்ற குணங்களைச் சுட்டுவது, இன்று அருகிவிட்டது. 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டராகேட்' என்ற வரிசையிலும் இதே அடுக்கைக் காணலாம். முதலாவது மண்ணின் சொல், எவரும் எவரிடமும் கேட்பது. இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது, சற்று முறைமையோடு வினவுவது. மூன்றாவது இலத்தீன், அதிகாரத்தில் உள்ளவர் துருவித் துருவி விசாரிப்பது.

பிரெஞ்சு ஒன்றே இரு முறை வந்து இரண்டு சொற்களைத் தந்ததும் உண்டு. 'வாரண்டி', 'கேரண்டி' இரண்டும் ஒரே வேர். வடக்கே நார்மன் வழக்கில் 'வ' என்று ஒலித்தது பாரிஸ் பக்கத்து வழக்கில் 'க' என்று ஒலித்தது. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டது. இன்று 'வாரண்டி' என்பது விற்ற பொருளின் தரம் குறித்து விற்பவர் தரும் உறுதி. 'கேரண்டி' விரிந்த பொருளுடையது. சட்டத்தில் அதற்கு மற்றொருவர் கடனைத் தீர்க்காவிட்டால் நான் தீர்ப்பேன் என்று பிணை நிற்பது என்ற தனிப்பொருளும் உண்டு. ஆகவே ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பவர்கள் இரண்டுக்கும் 'உத்தரவாதம்' என்றே எழுதிச் செல்லாமல், பின்னது பிணையைக் குறிக்கும் இடத்தில் 'பிணை' என்றே எழுத வேண்டும்.

கேள்வி: சென்ற இதழில் 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பதற்கு 'நடுநிலையான' என்று பொருள் தந்தீர்கள். நான் படிக்கும் ஆங்கில இதழ்களில் அது 'ஆர்வமற்ற' என்ற பொருளில்தான் வருகிறது. உங்கள் விளக்கம் பழையதாகிவிட்டதோ என்று தோன்றுகிறது.

பதில்: நீங்கள் கண்ட வழக்கு உண்மையே, அதைச் சென்ற முறை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். 'இன்ட்ரஸ்ட்' என்ற சொல்லுக்கு ஆர்வம் என்றும், ஒன்றில் ஒருவருக்கு இருக்கும் தன்னலம் அல்லது ஆதாயம் என்றும் இரு பொருள் உண்டு. ஆர்வம் இல்லாமை 'அன்இன்ட்ரஸ்டட்'. தன்னலம் இல்லாமை 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. வழக்கைக் கேட்கும் நீதிபதி பின்னதாக இருக்க வேண்டும், முன்னதாக இருக்கக் கூடாது. வியப்பு என்னவென்றால், 17ஆம் நூற்றாண்டில் இரண்டும் இடம் மாறி இருந்தன. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்பது அக்கறையற்ற என்றும், 'அன்இன்ட்ரஸ்டட்' என்பது சார்பற்ற என்றும் முதலில் வழங்கின. ஆகவே இன்றைய வழக்கைப் புதிய சீரழிவு என்று சொல்வதில் நியாயம் இல்லை. இருந்தாலும் என் பரிந்துரை மாறவில்லை. 'தன்னல நோக்கில்லாத' என்பதை ஒரே சொல்லால் சொல்ல ஆங்கிலத்தில் இதைவிடத் துல்லியமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆர்வமின்மைக்கோ வேறு பல சொற்கள் இருக்கின்றன.

கேள்வி: செய்திகளை மொழிபெயர்க்கும் பணியில் இருக்கிறேன். 'தெஃப்ட்', 'ராபரி', 'பர்க்ளரி' மூன்றையும் திருட்டு, கொள்ளை என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். வரையறை உண்டா?

பதில்: இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் மூன்றையும் தெளிவாகப் பிரிக்கிறது. பிறர் பொருளை நேர்மையற்ற முறையில், திரும்பக் கொடுக்கும் எண்ணம் இன்றி, எடுத்துக்கொள்வது 'தெஃப்ட்'. திருடுவதற்காக வன்முறையைப் பயன்படுத்தினாலோ அச்சுறுத்தினாலோ அது 'ராபரி'. திருடும் எண்ணத்தோடு கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைவது 'பர்க்ளரி'. நுழைந்தவர் வெறுங்கையோடு திரும்பினாலும் குற்றம் நிறைவேறிவிடுகிறது. நம்மிடம் இவற்றுக்கு நல்ல சொற்கள் இருக்கின்றன. முதலாவது திருட்டு. இரண்டாவது பறிப்பு, 'பறி' என்ற வினையிலேயே வன்மை இருக்கிறது. மூன்றாவதற்குக் கன்னம் வைத்தல் என்ற பழஞ்சொல் நெருங்கி வரும்; இன்றைய நடையில் 'வீடு புகுந்து திருட்டு' என்று எழுதலாம், எதுவும் திருடப்படாத இடத்தில் 'திருடும் நோக்கில் அத்துமீறி நுழைந்தார்' என்று விரித்தே எழுத வேண்டும். வினைகளில் இன்னொரு வேறுபாடு: 'ஸ்டீல்' என்பதற்குச் செயப்படுபொருள் எடுக்கப்பட்ட பொருள், 'ராப்' என்பதற்குச் செயப்படுபொருள் இழந்தவர். பணத்தை 'ஸ்டீல்' செய்கிறார்கள். வங்கியை 'ராப்' செய்கிறார்கள்.

கேள்வி: 'பிரிங்', 'டேக்' இரண்டில் எதை எப்போது பயன்படுத்துவது?

பதில்: தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் இதற்கு நெருக்கமான விதி ஒன்று உண்டு. வருதல், தருதல் ஆகிய சொற்கள் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதல், கொடுத்தல் ஆகியவை படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தந்தார், உனக்குத் தந்தார், அவருக்குக் கொடுத்தார் என்று கவனத்தோடு எழுதுபவர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆங்கிலத்தின் 'கம்', 'பிரிங்' இரண்டும் பெரும்பாலும் நம் வருதலைப் போல, பேசுபவர் அல்லது கேட்பவர் இருக்கும் இடத்தை நோக்கியவை. 'கோ', 'டேக்' இரண்டும் வேறிடத்தை நோக்கியவை. தொலைபேசியில் நண்பரிடம் 'உங்கள் வீட்டுக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன்' என்றால் 'பிரிங்'. 'அதை நூலகத்துக்கு எடுத்துச் செல்கிறேன்' என்றால் 'டேக்'. நீங்கள் இருவருமே அந்த நூலகத்தில் சந்திக்கப் போகிறீர்கள் என்றால் மீண்டும் 'பிரிங்' வரும். ஏனெனில் அப்போது கேட்பவரும் அங்கே இருப்பார்.

இவற்றோடு 'ஃபெட்ச்' என்ற மூன்றாவது சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'போய் எடுத்து வா' என்று நாம் மூன்று வினைகளால் சொல்வதை அது ஒன்றே சொல்லிவிடுகிறது. அடுத்த அறையில் இருக்கும் நாற்காலி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையிலேயே இருக்கும் ஒருவரிடம் கேட்டால் 'பிரிங்'. உங்கள் அருகில் நிற்பவரிடம் கேட்டால் 'ஃபெட்ச்'.